முறை தெரிந்தால் கடைமடைக்கும் தண்ணீர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீடு, இரண்டு மாடு, மாமனார் பேரில் இருக்கிற அறுபது சென்ட் வயல், வாரம் ஒரு குழுக் கூட்டம். இதுதான் என் நாள். மைக் பிடித்துப் பழக்கம் கிடையாது. செயலாளர் அக்காதான், "நீ வடக்கே இருந்துட்டு வந்தவ, அங்க பார்த்த வாய்க்கால் கதைய எங்ககிட்ட சொல்லுவியே, அதையே விழாவுல சொல்லு" என்றார்கள். பேச்சில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் கதை மகளிர் குழு விழாவுக்கு எதுக்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. போன வருஷம் நம்ம ஊர்க் கடைமடையில் இரண்டாம் போகம் பாதி வயல் தரிசாகக் கிடந்தது. அந்த வயல்காரப் பெண்கள் நம்ம குழுக்களில் இருக்கிறவங்கதான். நாற்றுக்கும் உரத்துக்கும் குழுக் கடன் வாங்கினவங்கதான். தவணை மூணு மாசம் நின்றுபோச்சு. நம்ம பதிவேட்டில் "தவணை நிலுவை" என்று எழுதியிருக்கிறது. தண்ணீர் வராதது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

நம்ம கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் நாம் இருக்கிறோம். 1895-ல் பெரியாறு அணை திறந்து, மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்கு இருபோக நெல் பாசனம். ஜூன் மாசம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பாங்க. மலர் தூவுவாங்க, பத்திரிகையில் படம் வரும். பென்னிகுவிக் துரைக்கு நன்றி சொல்லிப் பொங்கலும் வைக்கிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அணையிலிருந்து புறப்பட்ட தண்ணீர் என் வரப்பு வரைக்கும் வந்து சேர வேண்டுமே! அந்தக் கடைசி மூணு மைல் யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்வி எனக்கு வந்தது இங்கே இல்லை. ரொம்ப தூரத்தில் வேற ஒரு பள்ளத்தாக்கில் இருந்தபோது வந்தது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். கல்யாணமான புதிதில் ஹிமாச்சலப் பிரதேசத்தில் காங்க்ரா மாவட்டம், பாலம்பூர் பக்கம் போட்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்கவில்லை. முகாமுக்கு வெளியே ஒரு கிராமத்தில் அறை எடுத்து இரண்டு வருஷம் இருந்தோம். வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே தௌலதார் மலை, உச்சி எல்லாம் பனி. கீழே படிப்படியாக வயல். வீட்டுக் கூரைக்கு ஓடு போட மாட்டார்கள், ஸ்லேட் கல்லை வெட்டி அடுக்குவார்கள். மற்றபடி நெல், மாடு, வரப்பு, புல்லுக்கட்டு எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருந்ததால் எனக்கு அழுகை வரவில்லை. பாஷைதான் தெரியாது.

வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி பகல் சலசல என்று ஒரு வாய்க்கால் ஓடும். இரண்டு முழ அகலம்தான் இருக்கும். அதுக்குப் பேர் கூல். கூல் என்றதும் கூல்டிரிங்க்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். பனி உருகிய தண்ணீர், கையை வைத்தால் கூலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பேரே வேற!

கூல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். மலையிலிருந்து நிறைய காட்டோடைகள் இறங்கி, கடைசியில் பியாஸ் நதியில் போய்ச் சேருகின்றன. பாலம்பூரை ஒட்டி ஓடுவது நியூகல் என்கிற ஓடை. வயலைவிட உயரமான இடத்தில், ஓடையின் குறுக்கே பெரிய கல்லையும் மரக்கிளையையும் புல்லையும் போட்டு ஒரு தடுப்பு கட்டுவார்கள். நம்ம பாஷையில் கொரம்பு என்று சொல்லலாம். அந்தத் தடுப்பு ஓடைத் தண்ணீரில் ஒரு பங்கைக் கூலுக்குத் திருப்பிவிடும். அங்கிருந்து மலைச்சரிவை ஒட்டியே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வு கொடுத்து வாய்க்கால் வெட்டியிருக்கும். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது. தண்ணீர் தன் எடையில் தானே வரும். வருகிற வழியில் மாவு அரைக்கிற கல்லைச் சுற்றிவிட்டு வரும். அந்தத் தண்ணீர் மில்லை கராட் என்பார்கள். மழைக்காலத்தில் நெல்லுக்கும், குளிர்காலத்தில் கோதுமைக்கும் இதே தண்ணீர்தான்.

மழையில் வெள்ளம் வந்தால் தடுப்பு அடித்துக்கொண்டு போய்விடும். திரும்பக் கட்ட வேண்டும். வாய்க்காலில் பாறை சரியும், மண் மூடும். திரும்ப வாரவேண்டும். வருஷா வருஷம் இதே வேலை. நான் முதலில், "இதை ஒரேயடியா சிமெண்ட் போட்டுக் கட்டிட்டா என்ன?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னார், "இந்த வெள்ளத்துக்குச் சிமெண்ட் நின்னுடும்னு நினைக்கிறியா? கல்லும் கிளையும்னா அடிச்சிட்டுப் போனாலும் நாலு நாள்ல ஊர் ஜனம் கட்டிடும்" என்று. காங்க்ரா பள்ளத்தாக்கில் இப்படிப் பல ஊர்களுக்குப் பொதுவான பெரிய கூல்கள் மட்டுமே எழுநூறுக்கு மேல் உண்டு. ஒரே ஊருக்கான சின்னக் கூல்கள் ஆயிரக்கணக்கில். எல்லாம் சேர்த்து 30,000 ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம்ம 14,707 ஏக்கரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர்.

சரி, இத்தனை வாய்க்காலை யார் பார்த்துக்கொள்வது? அங்கேதான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு கூலுக்கும் ஒரு ஆள். அவருக்குப் பேர் கோலி. நம்ம பிள்ளைங்க கோலி என்றதும் கிரிக்கெட் என்று கத்தும். இது வாய்க்கால் கோலி. பெரும்பாலும் அப்பா பார்த்த வேலையை மகன் பார்ப்பார். பருவம் தொடங்கும் முன்னால், "இன்ன நாளில் தடுப்பு கட்டுகிறோம், வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்" என்று சொல்லி அனுப்புவார். சாமிக்குப் பூசை போட்டு வேலையை ஆரம்பிப்பார். யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைப்பார். தண்ணீர் வந்ததும் எந்த ஊருக்கு எப்போது, எந்த வயலுக்கு எவ்வளவு என்று பிரித்துவிடுவார். மடையைத் திருடித் திறந்தவரைக் கண்டுபிடிப்பார். சண்டை வந்தால் முதலில் அவரிடம்தான் போவார்கள். இதுக்குக் கூலி பணமாக இல்லை. அறுவடையின்போது பாசனக்காரர்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தானியம் அளந்து கொடுப்பார்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? நம்ம நீர்பாய்ச்சிதானே! நம்ம பக்கத்தில் நீர்க்கட்டி என்றும் சொல்வோம், மடையன் என்றும் சொல்வோம். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அவர் பங்கை முதலில் எடுத்துவைப்பார்கள் என்று என் மாமியார் சொல்லுவாங்க. மடையன் என்ற சொல்லை நாம் இன்றைக்குத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். மடை தெரிந்தவன்தான் மடையன். அவனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

தண்ணீர் நிறைய இருக்கும்போது கூலில் சண்டை கிடையாது. எல்லா மடையும் திறந்தே இருக்கும். ஜூன் மாசம்தான் நெருக்கடி. மழை இன்னும் இறங்கியிருக்காது, வெயில் கொளுத்தும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொளி அடித்து நடவு போட வேண்டும். அப்போது முறை வைப்பார்கள். முறை எங்கே ஆரம்பிக்கும், எத்தனை நேரம் என்பது கூலுக்குக் கூல் மாறும். ஆனால் முறை என்று ஒன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பகல் முறை வந்தால் பகலில், ராத்திரி முறை வந்தால் ராத்திரியில். பக்கத்து வீட்டு மாதாஜி, அறுபது வயசு இருக்கும், லாந்தர் எடுத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்குப் போவார். அவர் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து காலமானவர், மகன் சண்டிகரில் வேலை. "பயமா இல்லையா?" என்று என் அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். "தண்ணி என் முறை பேட்டி, நான் போகலைன்னா யார் போவா?" என்றார்.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்தது இல்லை. காங்க்ராவை ஆண்ட கட்டோச் ராஜ வம்சம் சில பெரிய கூல்களை வெட்டிக் கொடுத்திருக்கிறது. பாலம்பூர் பக்கம் ஓடும் ஒரு பெரிய கூலுக்கு இன்றைக்கும் கிருபால் சந்த் என்று அந்த வம்சத்துப் பேர்தான். ஆனால் பெரும்பாலான சின்னக் கூல்களை ஊர் ஜனங்களே வெட்டிக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் நிலவரித் திட்டம் போட வந்த அதிகாரிகள், எந்தக் கூலில் எந்த ஊருக்கு என்ன பாத்தியதை என்று கேட்டுக் கேட்டு எழுதி, ரிவாஜ்-இ-ஆப்பாஷி என்று புத்தகமாகவே போட்டார்கள். ரிவாஜ் என்றால் வழக்கம், ஆப்பாஷி என்றால் பாசனம். வாயில் இருந்த வழக்கம் பதிவேடாயிற்று. பதிவேட்டின் அருமை நம்ம குழுக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம்!

1905-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி விடிகாலையில் காங்க்ராவில் பெரிய பூகம்பம். ஏறக்குறைய 20,000 பேர் செத்துப்போனார்கள். மலைச்சரிவு எல்லாம் சரிந்து கூல்கள் உடைந்தும் மூடியும் போயின. வீடு போச்சு, உழுகிற மாடு போச்சு, ஆள் போச்சு. அடுத்த நடவுக்கு இரண்டு மாசம்தான் இருக்கிறது. அந்த ஜனங்கள் வாய்க்காலைத் திரும்ப வெட்டினார்கள். சர்க்காரும் உதவி செய்தது. ஆனால் எந்தத் தண்ணீர் எந்த வழியில் வந்தது, எங்கே பாறை, எங்கே மண் என்று தெரிந்த ஊர் ஜனம் இல்லாமல் ஒரு கூலும் எழுந்திருக்காது. அங்கே வயசானவர்கள், "எங்க தாத்தா காலத்து பூகம்பம்" என்று அதைச் சொல்வார்கள்.

இப்போது ஒரு ராணியின் கதை. இது காங்க்ராவுக்கு அடுத்த பள்ளத்தாக்கு, தௌலதார் மலைக்கு அந்தப்பக்கம் ராவி நதிக்கரையில் இருக்கிற சம்பா ஊர்க் கதை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சாகில் வர்மன் என்கிற ராஜா அந்த ஊரைத் தலைநகரமாக அமைத்தார். ஊர் அமைந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஓடையிலிருந்து கால்வாய் வெட்டினார்கள், தண்ணீர் ஏறவில்லை. ராஜாவோ மகனோ ராணியோ உயிர் கொடுத்தால்தான் தண்ணீர் வரும் என்று குறி சொன்னார்களாம். "நான் போறேன்" என்று ராணி முன்வந்தாளாம். கால்வாய் தொடங்கும் இடத்தில் அவளை உயிரோடு புதைத்தார்களாம். தண்ணீர் வந்ததாம். அந்த ராணியை சூயி மாதா என்று கும்பிடுகிறார்கள். வருஷா வருஷம் சித்திரைப் பிறப்பு சமயத்தில் அவளுக்குத் திருவிழா. பெண்களும் பிள்ளைகளும் போகிற திருவிழா அது. பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே படி ஏறிப் போவார்கள்.

இது நடந்ததா, கதையா என்று நான் வாதாட வரவில்லை. மாதாஜி இதை எனக்குச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. எனக்கு நம்ம ஊர் ஏரிக்கரை அம்மன்கள் ஞாபகம் வந்தது. கரை நிற்கவில்லை என்று ஒரு பெண்ணைப் பலி கொடுத்த கதை நம்ம பக்கமும் எத்தனை ஊரில் சொல்கிறார்கள்! தண்ணீர் வருவதற்குப் பெண் உயிரைக் கொடுக்கலாம், கோயில் கட்டிக் கும்பிடலாம். வந்த தண்ணீரைப் பங்கு போடும் கூட்டத்தில் அவளுக்கு ஒரு இடம் போடலாமா? இதை நான் யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. யோசிக்கச் சொல்கிறேன்.

நான் அங்கே இருந்தபோதே கூல்கள் தளர ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. காரணம் வெள்ளம் இல்லை. ஆள் இல்லாததுதான். ஆம்பிளைகள் பட்டாளத்துக்கும் டெல்லி, சண்டிகருக்கும் சம்பள வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வா என்றால் வர ஆள் இல்லை. வயல் வருமானத்தை நம்பாத வீடு, வாய்க்கால் வேலைக்கு ஏன் வரப்போகிறது? கோலிக்குத் தானியம் அளப்பது குறைந்தது. கோலியின் மகனும் வேற வேலைக்குப் போனான். சில கூல்களை அரசாங்க நீர்ப்பாசனத் துறை எடுத்துக்கொண்டு சிமெண்ட் போட்டது. சில கூல்களில் ஊர் ஜனமே கமிட்டி அமைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று போட்டு, ரசீது அடித்து, வேலைக்கு வராத வீட்டுக்குப் பணம் விதித்து நடத்தினார்கள். சில கூல்கள் அப்படியே தூர்ந்துபோயின.

இந்த மூன்றில் எது நிலைத்தது என்று கேட்டால், நான் பார்த்த அளவில், எங்கே முறை எல்லோருக்கும் தெரிந்திருந்ததோ, வராதவர் பேர் எங்கே எழுதப்பட்டதோ, அங்கே தண்ணீர் ஓடியது. சிமெண்ட் போட்டதும் போடாததும் அப்புறம்தான். சிமெண்ட் வாய்க்காலிலும் புல் முளைக்கும், பிளாஸ்டிக் அடைக்கும். கை போட்டு எடுக்க யாராவது வேண்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். நான் இருந்த ஊரில் வாய்க்கால் வாரும் நாளில் பாதிக்கு மேல் பெண்கள்தான் வந்தார்கள். கூடையில் மண் சுமந்தார்கள், கல் உருட்டினார்கள். மகன் ஊரில் இல்லை, புருஷன் இல்லை, அதனால் வீட்டு ஆள் என்றால் அவங்கதான். ஆனால் சாயங்காலம் கூல் கமிட்டி கூடும்போது திண்ணையில் ஆம்பிளைகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரில் மகிளா மண்டல் உண்டு, நம்ம குழு மாதிரி. ஒரு வருஷம் மாதாஜியும் மகிளா மண்டல் பெண்கள் நாலு பேரும் போய்த் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவும் இல்லை. "ராத்திரி முறைய விதவைங்க வீட்டுக்கும், ஆம்பிளை இல்லாத வீட்டுக்கும் பகல்ல மாத்திக் குடுங்க" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. மாற்றிக் கொடுத்தார்கள். லாந்தர் அதுக்கப்புறம் ஆணியிலேயே தொங்கியது.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன்.

நமக்கும் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. குடி என்றால் குடிமக்கள், மராமத்து என்றால் பழுது பார்ப்பது. கண்மாய், வாய்க்காலில் சின்ன வேலைகளைப் பாசனக்காரர்களே கூடிச் செய்வது. 1858-லேயே வெள்ளைக்காரர்கள் இதைச் சட்டத்தில் எழுதினார்கள். அதுக்கு முன்னால் காலகாலமாக வழக்கமாகவே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, "பொதுப்பணித்துறை இருக்கு, அவங்க பார்ப்பாங்க" என்று விட்டுவிட்டோம். 2000-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பாசனத்தை விவசாயிகளே கூடி நிர்வாகம் செய்வதற்கான சட்டம். அதன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்துத் தேர்தல் நடத்துகிறார்கள். 2017-ல் குடிமராமத்து என்ற பேரிலேயே அரசாங்கம் திட்டம் கொண்டுவந்தது. அதனால் வழி இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சங்கத்தில் ஓட்டு யாருக்கு? நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. நம்ம குழுவில் இருக்கிற பெண்கள் எத்தனை பேர் நாற்று விடுகிறோம், நடுகிறோம், களை எடுக்கிறோம், மடை திறக்கப் போகிறோம்! எத்தனை பேர் பேரில் பட்டா இருக்கிறது? என் குழுவில் பன்னிரண்டு பேர். எழுதிப் பார்த்தேன். பதினோரு பேர் வயலில் இறங்குகிறவங்க. பட்டாவில் பேர் இருக்கிறது இரண்டு பேருக்கு. மற்ற ஒன்பது பேரும் தண்ணீர் விஷயத்தில் ஊமை. வீட்டுக்காரர் திருப்பூரிலும் கேரளாவிலும் வேலையில் இருக்கிறார், சங்கக் கூட்டத்துக்கு வர மாட்டார். வீட்டில் இருக்கிற நாம் போனால், "உங்க பேர் இல்லையேம்மா" என்பார்கள். அப்போ கடைமடைக்காக யார்தான் பேசுவது?

தலைமடைக்காரர் நம்ம எதிரி இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும். அவரும் தொளி காய்ந்துவிடும் என்ற பயத்தில்தான் மடையை அடைக்காமல் விடுகிறார். அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்தால் அவர் பயம் பாதி போய்விடும். முறை தெரியாத இடத்தில்தான் ஆளாளுக்குப் பிடித்துவைக்கத் தோன்றும். சர்க்கரை வண்டி எப்போ வரும் என்று தெரியாத ரேஷன் கடையில் எப்படித் தள்ளுமுள்ளு இருக்கும்? அப்படித்தான்.

சகோதரிகளே, முறை என்பது நமக்குப் புதுசா? வாரம் ஒருநாள், குறித்த நேரம், வருகைப் பதிவு, சேமிப்பு, உள்கடன் யாருக்கு முதலில், அடுத்தது யாருக்கு, வராதவருக்கு அபராதம், எல்லாம் தீர்மானப் புத்தகத்தில். பத்து வருஷமாக இதைத்தான் செய்கிறோம். ஒரு கோலி செய்கிற வேலையில் மண்வெட்டி பிடிப்பதைத் தவிர மீதி எல்லாம் நமக்குத் தெரியும். மண்வெட்டி பிடிக்கவும் தெரியும்! பணத்தை முறை வைத்துச் சுற்றவிடத் தெரிந்த நமக்குத் தண்ணீரை முறை வைத்துச் சுற்றவிடத் தெரியாதா?

அதனால் இந்த விழா மேடையில் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, மே மாசம் பிறந்ததும், தண்ணீர் திறக்கும் முன்னால், கூட்டமைப்பிலிருந்து ஒரு குழுவுக்கு இரண்டு பேர் வீதம் நம்ம வாய்க்காலைத் தலைமதகிலிருந்து கடைமடை வரைக்கும் நடந்து பார்ப்போம். எங்கே உடைந்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது, எந்த மடைக்குக் கதவு இல்லை என்று ஒரு நோட்டில் எழுதுவோம். அந்தக் கணக்கை ஊராட்சியிலும் பாசனச் சங்கத்திலும் கொடுப்போம். ஊரக வேலைத் திட்டத்தில் எடுக்கக்கூடிய வேலையை கிராம சபையில் தீர்மானமாக வைப்போம். வெறுங்கையோடு போய்க் கேட்பதுக்கும் நோட்டோடு போய்க் கேட்பதுக்கும் வித்தியாசம் உண்டு. வங்கிக்குப் போன அனுபவம் நமக்குச் சொல்லும்.

இரண்டாவது, பாசனச் சங்கக் கூட்டம் நடக்கும்போது நம்மில் நாலு பேர் போய் உட்காருவோம். ஓட்டு இல்லாவிட்டாலும் காது இருக்கிறது, வாய் இருக்கிறது. சண்டைக்கு வேண்டாம். முறையை எழுதி ஊர்ப் பொது இடத்தில் ஒட்டச் சொல்லுவோம். கடைமடைக்கு எந்த நாள், எந்த நேரம் என்று அதில் இருக்கட்டும். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குப் பகல் முறை கேட்போம். நீர்பாய்ச்சி அண்ணனுக்கு வருஷக் கூலி நின்றுபோனதால்தான் அவர் கட்டட வேலைக்குப் போகிறார். அறுவடையில் வீட்டுக்கு இத்தனை என்று பேசி, அதை வசூலித்துக் கொடுக்கிற பொறுப்பை நம்ம குழுக்கள் எடுத்துக்கொள்வோம். சந்தா வசூலிப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.

மூன்றாவது, கொஞ்சம் கஷ்டமானது. வீட்டில் பேச வேண்டியது. பட்டாவில் பேர் சேர்ப்பது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து முப்பது வருஷம் தாண்டியும் நம்ம வீட்டு வாசலுக்கு வரவில்லை. புருஷனும் மனைவியும் சேர்ந்து உழைக்கிற நிலத்துக்கு இருவர் பேரிலும் பட்டா இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நான் என் மாமனாரிடம் பேசினேன். முதலில், "எதுக்கும்மா இப்போ?" என்றார். "மாமா, தண்ணிக் கூட்டத்துல எனக்கு ஒரு நாற்காலி வேணும், அதுக்குத்தான்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூணாம் நாள் மூலப்பத்திரத்தைத் தேடி எடுத்து, பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். இன்னும் கையெழுத்து ஆகவில்லை. ஆகும் என்று நம்பிக்கை இருக்கிறது. உங்கள் வீட்டிலும் கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், காரணம் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வங்கி சாரும் மேடமும் இருக்கிறதால் சொல்கிறேன். நம்ம கூட்டமைப்புத் தர மதிப்பீட்டில் எப்போதும் நல்ல இடம் வாங்கியிருக்கிறது. போன வருஷ நிலுவை ஒரு கறை மாதிரி இருக்கிறது. அந்தப் பெண்கள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நடவு போட்டிருந்தால் கட்டியிருப்பார்கள். தண்ணீர் முறையாக வந்தால் தவணையும் முறையாக வரும். வாய்க்கால் வாருவது விவசாய வேலை மட்டும் இல்லை, நம்ம கணக்கைக் காப்பாற்றுகிற வேலையும்தான். ஆகவே, வாய்க்காலை நடந்து பார்க்கிற நாளை இன்றைக்கே தேதி குறித்து, தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். கைநாட்டு வைக்கிற அக்காமார் யாராவது இருந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லித் தருகிறேன்.